அகன்ற ஆற்றில் ஆள் வேண்டாம்

எழில்மொழி பலகையைப் பார்க்காமல் எழுதுகிறார். கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையைத் தடவி, காலி இடத்தைக் கண்டுபிடித்து, சாக்பீஸை ஓட்டுகிறது. கண் ஆற்றிலேயே இருக்கிறது. 'ப்ராட்' என்ற சொல் மேலே ஏறுகிறது. அதன் பொருள் கீழே சரிந்து, முன்பே எழுதியிருந்த 'வைட்' மீது போய் முட்டிக்கொள்கிறது. படிகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. முதல் நாள் சிரித்திருப்பார்கள், பிறகு யாராவது காதில் சொல்லியிருப்பார்கள்.

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிற சின்ன ஊர் வடதுறை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கத்து நர்ஸுகளுக்கும் வெல்டர்களுக்கும் எழில்மொழி மேடம்தான் கதி. தேர்வில் ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, அதில் இருப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்களாம். ஆற்றைப் பற்றிய அட்டை அடிக்கடி வருமாம். அதனால் சனிக்கிழமை மாலை வகுப்பு மட்டும் படித்துறையில். என் நண்பரின் மகன் இவரிடம் படித்து அயர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் புகழ்ந்த புகழ்ச்சியைத் தாங்க முடியாமல் நானும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். எனக்கு ஆங்கிலம், ஆறு இரண்டையுமே தள்ளி நின்று பார்த்துதான் பழக்கம்.

சொல்லிக் கொடுக்கிற விதம் அபாரம். அகராதிப் பொருள் ஒரு வரி, பிறகு அவர் பாணியில் ஒரு வரி.

"வைடுன்னா அளந்து சொல்றது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இவ்வளவு தூரம்னு. ப்ராடுன்னா அசந்து சொல்றது. எப்பா, எம்மாம் பெருசுன்னு வாயைப் பொளக்குறோமே, அது. ஸ்ப்ராலிங்னா சாப்பிட்டுட்டுக் கையக் கால விரிச்சுப் படுத்துக் கெடக்குமே, அந்த மாதிரி ஆறு. ப்ரெய்டட்னா பின்னல். மணல்ல தண்ணி நாலு பிரியாப் பிரிஞ்சு, சேந்து, திரும்பப் பிரிஞ்சு ஓடும் பாருங்க, அதுக்குப் பேரு. இதச் சொன்னீங்கன்னா வெள்ளக்காரனே நிமிந்து உக்காருவான்."

பொருள் முடிந்ததும் பயன்பாடு. ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதில்தான் அந்த விசித்திரமான சட்டம். வாக்கியத்தில் கொக்கு வரலாம். நாணல் வரலாம். படகுகூட வரலாம், ஆனால் காலிப் படகு. "ஆள் வேணாம்பா. அகலமான ஆத்துல ஆள எறக்காதீங்க" என்கிறார். ஒரு வெல்டர் போன மாதம் தெரியாமல் மீனவர் ஒருவரை ஆற்றில் இறக்கிவிட்டாராம். எழில்மொழி அந்த மீனவர் வலையைச் சுருட்டி, கரையேறி, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் அந்த வெல்டரை ஆங்கிலத்தில் பேச வைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போனாராம். "வேர்த்துப் போச்சு சார் எனக்கு" என்றார் வெல்டர்.

எழில்மொழிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, உயரம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வயலில் கூலி வேலை பார்த்துக்கொண்டே மேடைப் பேச்சு ஒன்றையும் தவறவிடாத அப்பா, மகளுக்கு எழில்மொழி என்று பெயர் வைத்தார். மகள் அஞ்சல் வழியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தாள். "அப்பா ஒரு வாரம் எங்கூடப் பேசல. அப்புறம் ஊரெல்லாம் போயி எம்மவ இங்கிலீசு எம்.ஏ.ன்னு சொல்லிட்டு வந்தாரு" என்று சிரிக்கிறார். சிரிக்கும்போதும் கண் நம் பக்கம் வருவதில்லை. டீயைத் தடவி எடுத்துக் குடிக்கிறார். வேர்க்கடலையை விரலாலேயே உரித்து, சொத்தையை விரலாலேயே கண்டுபிடித்துத் தூர எறிகிறார். இவ்வளவும் படித்துறையில் இருக்கும்போது மட்டும். வீட்டுக்குள் நம்மைப் போலத்தான், முகம் பார்த்துப் பேசுகிறார்.

"அப்ப, நீங்க வீட்ல இருக்கும்போது ஆத்த யாரு பாக்குறது?" என்று கேட்டேன். படித்துறை ஓரத்தில் நடப்பட்ட கல்தூணைக் காட்டினார். அதில் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்று கம்பியால் கட்டப்பட்டு, ஆற்றைப் பார்த்து இருந்தது. "அவரு வண்டியோடது. நான் இல்லாதப்ப அது பாத்துக்கும்" என்றார், பால் வாங்கி வைக்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. வெயில் நேரம்தான் அது, மதியம் இரண்டு மணி இருக்கும்.

விவரம் சொன்னவர் ரெத்தினம். எழில்மொழியின் கணவருக்கு அண்ணன். கரைமேல் டீக்கடை வைத்திருக்கிறார்.

வடதுறையில் ஒரு வழக்கம் உண்டு. கொள்ளிடத்தில் வருடத்தில் பாதி நாள் மணல்தான். பாலம் சுற்றிப் போக வேண்டும் என்பதால் ஜனங்கள் மணலில் இறங்கி நடந்தே அக்கரை போவார்கள். அப்படி ஒருவர் இறங்கினால், கரையில் ஒருவர் அவருக்குப் பார்வை போட வேண்டும். அதாவது, நடக்கிறவர் கரையேறும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மணலில் குழி உண்டு, புதைசேறு உண்டு. கால் உள்ளே போனால் யாராவது பார்த்து ஓடிவர வேண்டும் அல்லவா?

"தம்பி பஞ்சநதம் அக்கரைக்குக் கிடாக்குட்டி வாங்கப் போனான் சார். வீரன் கோயில் வேண்டுதலுக்கு. கருப்புக் குட்டி, ஒரு காது மட்டும் வெள்ளை. வித்தவன் சொன்னான், தோள்ல போட்டுகிட்டு எறங்கிட்டான்னு. இந்தப் பக்கம் பார்வை போட்டது எழிலுதான். படியில புள்ளைங்களுக்குக் கிளாஸு. தம்பி நடு ஆத்துல வரையில கையக் காட்டி, 'மை ஹஸ்பண்ட் இஸ் கிராஸிங் எ வைட் ரிவர்'ன்னு சொல்லிச்சு. எல்லாம் சேந்து கோரஸாச் சொல்லிச் சிரிச்சாங்க. ஒருத்தன் ஏதோ தப்பாச் சொன்னான்னு திரும்பிப் பலகையில ஒரு வார்த்த எழுதிச்சு. எழுதிட்டுத் திரும்பினா வெறும் மணலு."

தடம் நடு ஆறு வரை வந்திருந்ததாம். அங்கே நின்றுவிட்டதாம். மணல் அள்ளிய குழியில் தண்ணீர் நின்று, மேலே மணல் மூடியிருக்கும், அதில் போயிருப்பான் என்பது ரெத்தினத்தின் கட்சி. கம்பு விட்டுத் தேடினார்கள். கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்தது, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஆளும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. எனக்கும் அந்தக் குழிதான் சரியாகப் பட்டது. பட்டப்பகலில் மணல்மேல் ஒரு மனிதர் மறைவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

"ஏழு வருஷம் ஆச்சு. சர்க்காரே செத்ததாத்தான் எடுத்துக்கும்" என்றார் ரெத்தினம். "நாளைக்கு ஆடி அமாவாசை. திருவையாத்துல அய்யருகிட்ட சொல்லி வச்சிட்டேன். ஒரு கை எள்ளுந் தண்ணியும் எறைக்கணும்ல? வருஷா வருஷம் கேக்குறேன், முடியாதுங்குது. எந்தம்பி தண்ணிக்கு நடுவுல தாகத்தோட நிக்கிறான் சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அந்த மனிதர்மேல் இரக்கமாக இருந்தது.

வகுப்புக்கு முன்னால் எழில்மொழியிடம் நேரடியாகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு அந்த நாகரிகமெல்லாம் வருவதில்லை.

"எப்படிங்க எறைக்கிறது?" என்றார். "நான்தானே அவர நடு ஆத்துல விட்டேன். கிராஸிங்னு சொன்னேன், கரையேத்தாம விட்டுட்டேன். இன்னும் நடந்துகிட்டேதான் இருக்காரு. சில நாளு தெரியும், சில நாளு தெரியாது. இப்பப் போயி எள்ள எறைச்சா, நடந்து வர்ற மனுசன நானே தண்ணிக்குள்ள அமுக்கின மாதிரி ஆயிடும்ங்க."

சொன்ன விதம் மிகச் சாதாரணமாக இருந்தது. நான் ஆற்றைப் பார்த்தேன். மணல், நாணல், தூரத்தில் கானல். யாருமில்லை.

மாலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கரைமேல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போனது. அணை நிரம்பிவிட்டது, உபரி நீர் கொள்ளிடத்தில் வருகிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று கரகரத்துவிட்டுப் போயிற்று. ரெத்தினம் கடையை விட்டு இறங்கி வந்து, "கிளாஸ முடிச்சுக்கம்மா, இருட்டுறதுக்குள்ள தண்ணி வந்துடும்" என்றார்.

"ஒருத்தங்கதான் பாக்கி மாமா" என்றார் எழில்மொழி.

அந்த ஒருத்தர் மெஹராஜ் பேகம். கூத்தாநல்லூர்க்காரர், தஞ்சாவூரில் நர்ஸ். அடுத்த வாரம் தேர்வு. படித்துறை வகுப்புக்கு அன்றுதான் முதல் தடவை வந்திருந்தார். ஆள் வேண்டாம் என்ற சட்டம் அவருக்குத் தெரியும், காரணத்தை இன்னும் யாரும் அவர் காதில் சொல்லியிருக்கவில்லை. எழுந்து நின்று, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, செல்போனில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"தி கொள்ளிடம் இஸ் எ ப்ராட் ரிவர்." நல்ல குரல். பெரும்பாலும் மணல்தான், ஆனாலும் இது பரந்த ஆறு என்றார். தண்ணீர் இருக்கும் நாளில் பின்னல் பின்னலாக ஓடும் என்றார். எழில்மொழி ஆற்றைப் பார்த்தபடியே தலையாட்டினார். நாணலைச் சொன்னார், கொக்கைச் சொன்னார். பிறகு, "தேர் இஸ் எ மேன் இன் தி மிடில்" என்றார்.

படிகளில் அத்தனை பேனாக்களும் நின்றன.

"ஆள் வேணாம்னு சொன்னேன்ல" என்றார் எழில்மொழி மெதுவாக.

"சாரி மேடம். ஆனா வர்றாரே? தோ, நடுவுல. தண்ணி வருதுன்னு சொன்னாங்களே, யாராச்சும் கூப்பிடுங்களேன்."

எல்லோரும் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறேன். நடு மணலில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. நட்டு வைத்த கம்பாக இருக்கலாம், முட்செடியாக இருக்கலாம். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். ரெத்தினம் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லியேம்மா" என்றார். நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு இன்னிக்குத் தெரியல" என்றார் எழில்மொழி. "மெஹராஜ், கண்ண எடுக்காத. ஒனக்குத் தெரியுறதச் சொல்லு. இங்கிலீஷ்லயே சொல்லும்மா, நிறுத்தாத."

மெஹராஜ் பேகம் சொன்னார். இங்கே நான் தமிழில் தருகிறேன். ஒரு மனிதர் அகலமான ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறார். வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறார். அவசரமில்லாமல் நடக்கிறார். தோளில் எதையோ சுமந்திருக்கிறார். மேற்கே வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது.

அந்தக் கோடு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர். முதலில் ஈர மணல் வாசனை வந்தது. பிறகு நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, ஓசையே இல்லாமல், மணலில் நாலைந்து நாக்குகளாக நீண்டு வந்தது. பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. பின்னல் என்று அவர் சொன்னதை அப்போதுதான் நான் பார்த்தேன். நான் பார்த்த கரும்புள்ளி இருந்த இடத்தைத் தண்ணீர் சுற்றிக்கொண்டது. பிறகு அங்கே புள்ளி இல்லை.

"போயிட்டாரா?" என்றார் ரெத்தினம்.

"இல்லியே, நடந்து வர்றாரு" என்றார் மெஹராஜ் பேகம். "தண்ணி முழங்காலுக்கு இருக்கு. அவரு பாட்டுக்கு வர்றாரு." ஆங்கிலம் அறுந்து தமிழுக்கு வந்துவிட்டிருந்தார். செல்போனில் இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை, அது அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்தது. "மேடம், எனக்குப் பயமா இருக்கு. நான் உக்காந்துக்குறேன் மேடம்."

"உக்காரு. ஆனா கண்ண மட்டும் எடுக்காத தாயி. நான் எடுத்துட்டேன். நீ எடுக்காத." எழில்மொழி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் ஆற்றில்தான். ஆனால் ஏழு வருடம் பார்த்தவருக்கு அன்று தண்ணீர் மட்டுமே தெரிந்துகொண்டிருந்தது.

ஆறு கரைக்குக் கரை நிறைந்துவிட்டது. ஸ்ப்ராலிங், ப்ராட், இன்னும் பலகையில் கோணலாகக் கிடந்த எல்லாச் சொற்களும் அதற்குப் பொருந்தின. வெளிச்சம் மஞ்சளாகிக் குறைந்துகொண்டிருந்தது.

"நாணலத் தாண்டிட்டாரு" என்றார் மெஹராஜ் பேகம். "தோள்ல ஆட்டுக்குட்டி மேடம். கருப்பு. ஒரு காது மட்டும் வெள்ளையா இருக்கு."

ரெத்தினம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காதைப் பற்றி யாரும் இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க முடியாது. அல்லது யாராவது சொல்லியிருக்கலாம், ஊர்க்கதை டீக்கடையில் நிற்பதில்லை. நான் இந்த இரண்டாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கடேசிப் படிகிட்ட வந்துட்டாரு. ஒங்களத்தான் பாக்குறாரு மேடம்."

எழில்மொழி எழுந்து நின்றார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். பிறகு வகுப்பில் சொல்வதுபோலவே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "மை ஹஸ்பண்ட் ஹாஸ் கிராஸ்ட் தி ரிவர்" என்றார்.

யாரும் கோரஸாகத் திருப்பிச் சொல்லவில்லை. வெல்டர் ஒருவர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் நகர்ந்தார். படிகளின் நடுவில், கீழிருந்து மேல்வரை, ஓர் ஆள் ஏறிப் போகிற அகலத்துக்கு வழி விழுந்தது. நானும் காலை மடக்கிக்கொண்டேன். ஈரக்காற்று ஒன்று மேலே ஏறிப் போனது. எங்கோ ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது. ரெத்தினம் வீட்டிலும் ஆடு உண்டு.

மெஹராஜ் பேகம் தலையைத் திருப்பி, மேலே கரைப்பக்கம் பார்த்தார். பிறகு முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ரெத்தினம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா திருவையாறு போகணும்?" என்றார் எழில்மொழி.

"வெள்ளன ஆறு மணிக்கும்மா."

"சரி. நான் வரேன்."

கல்தூணிடம் போனார். கம்பி துருப்பிடித்திருந்தது, நகத்தால் நெம்பிப் பிரித்தார். கண்ணாடியைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்தார். பிறகு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, கலைந்திருந்த குங்குமப் பொட்டை மோதிர விரலால் வட்டமாகச் சரி செய்துகொண்டார்.